எண்ணெய் ஊற்று

மகாராஜாலேலா நிலையத்தில் இறங்கி
ஹாங் ஜெபாட் சாலைக்குத் திரும்பும்போதே
நீ முன்னால் போய்விட்டாய், லோகேஸ்.
எந்த விசேஷத்துக்கும் அரைமணி பிந்துகிறவள்
அரங்கத்துப் படிகளை
இரண்டிரண்டாகத் தாண்டினாய்.

டிக்கெட் இருபது ரிங்கிட்.
எதிரணிப் பக்கம் விலை குறைவு என்றேன்.
நீ பார்த்த பார்வையில்
நாற்பதாக எடுத்து நீட்டினேன்.

உள்ளே ரப்பரும் பழைய வியர்வையும்
யாரோ பிரித்த வறுகடலையும்.
பலகைத் தரையில் காலணிகள் கீச்சிட்டன,
ஈரக் கண்ணாடியை விரலால் தேய்ப்பதுபோல.

எனக்குத் தெரிந்தது கால்பந்து.
தொண்ணூறு நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தால்
ஒரு வாரம் பேசலாம்.
இங்கே தண்ணீர் போத்தலுக்குக் குனிந்து நிமிர்வதற்குள்
ஏழு புள்ளி போய்விட்டது.

‘இருபத்து நாலு வினாடிக்குள்ள எறிஞ்சாகணும்,
இல்லன்னா பந்து அவங்களுக்கு’ என்றாய்.
வீட்டுச் சண்டைகள் ஞாபகம் வந்தன.
நீ எறிந்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாய்.
மூன்று நாள்
பந்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான்.

இரண்டாம் பாகத்தில்
நாற்காலியை விட்டு எழுந்தாய்.
‘ஜியா யோ!’
பால் பொங்கிருச்சு, கேஸ் முடிஞ்சிருச்சு என்று
பதினோரு வருடமாய் நான் கேட்ட குரல் அல்ல இது.
அடிவயிற்றிலிருந்து வந்தது.
அர்த்தம் கேட்டேன்.
ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்:
‘எண்ணெய் ஊத்து.’
எதில்?
பதில் இல்லை.

நீ சீனப்பள்ளியில் படித்தவள் என்பது தெரியும்.
அதனால் எனக்கு ஆன லாபமும் தெரியும்:
சந்தையில் நீ வாய் திறந்தால்
மீன் இரண்டு ரிங்கிட் இறங்கும்.

இடைவேளையில் பின்வரிசையிலிருந்து ஒருத்தி
‘லுவோ காய் ஷி!’ என்று கத்தினாள்.
நீ திரும்பினாய்.
நம் கல்யாணப் பத்திரிகையில் அச்சாகாத பெயருக்கு
அப்படிச் சட்டென்று.
அவள் உன் தோளில் அடித்தாள், நீ அவள் தோளில் அடித்தாய்.
நடுவில் நான், மைலோ டப்பாவோடு.
புரியாத மொழியில் ஒன்று மட்டும் புரிந்தது.
இருவரும் உன் இடது முழங்காலைக் காட்டிச் சிரித்தீர்கள்.

பஸ் பிடிக்க ஓடி விழுந்தது என்று
எனக்குச் சொல்லப்பட்ட தழும்பு.

மாநிலப் போட்டி, அரையிறுதி, பதினேழு வயது.
‘பொண்ணு பாக்க வந்தப்ப
பஸ்ஸுன்னு சொல்லச் சொன்னது அம்மாதான்.
பந்து விளையாடின காலுன்னா
உங்க வீட்டுல யோசிப்பாங்களாம்.’
யோசித்திருப்போமா என்று
மைலோவை உறிஞ்சிக்கொண்டே யோசித்தேன்.
யோசித்திருப்போம்.

கடைசியில் மூன்று வினாடி மிச்சம்.
செந்தூல் பருந்துகள் இரண்டு புள்ளி பின்னால்.
கோட்டில் நிற்பவன்
மீசை சரியாக முளைக்காத பதின்மூன்றாம் எண்.
இரண்டு எறிதல்.
அரங்கம் அடங்கியது.
உன் வலது மணிக்கட்டு காதோரம் போய் மடங்குவதைப் பார்த்தேன்.
பந்து அவன் கையில்தான் இருந்தது.
முதலாவது விழுந்தது.

அப்போது எனக்கு என்ன ஆனதோ,
‘எண்ணெய் ஊத்துடா தம்பி!’
முன்வரிசைச் சீனத்துப் பெரியவர்
கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

இரண்டாவது வளையத்தை ஒரு சுற்று சுற்றி
வெளியே குதித்தது.

நீ கைதட்டினாய், தோற்றவர்களுக்கு, நிதானமாக.
நான்தான் நடுவரைத் திட்டத் தொடங்கினேன்.
அந்தத் தள்ளலுக்கு எப்படி விசில் ஊதாமல் விட்டான்,
கண்ணை வீட்டில் வைத்துவிட்டா வந்தான்...

படிக்கட்டில் நீ என் தோளைப் பிடித்தாய்.
‘ஏறும்போது ஒண்ணும் தெரியாது,
இறங்கும்போதுதான்.’
ஒவ்வொரு படியாக இறங்கினோம்.
கீழே வந்து சேரும்வரை
அந்த நடுவரை நான் விடவில்லை.